மல்லாந்து படுக்காத பயில்வான்

தோண்டிராம் சௌகுலே எருமைத் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது அவருக்கு எழுபத்தாறு வயது. கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் எஃகுக் கம்பி வைத்து முடுக்கி, ஆறாம் நாள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் நாள் காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன். எலும்பு முறிந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலை. இந்தப் பக்கத்து ஊர்களில் அதை முப்பத்தெட்டு வருடமாகச் செய்கிறேன்.

ஆள் பெரிய உருவம். கழுத்தும் தோளும் ஒன்றாகக் கலந்திருந்தன. இரண்டு காதும் நசுங்கிப் பூரி போல உப்பியிருந்தன. கோதாவில் தலையைத் தேய்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கட்டிலில் முதுகுக்குப் பின்னால் மூன்று திண்டு, அதற்கும் பின்னால் ஒரு மாவு மூட்டை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் மாருதி படம். நாம் ஆஞ்சநேயர் என்பவரை இங்கே மாருதி என்பார்கள். ஊர் எல்லையில் ஒருவர், ஒவ்வொரு கோதாவுக்கும் ஒருவர், ஒவ்வொரு பயில்வான் வீட்டிலும் ஒருவர்.

"பொம்பளை யாரும் என்னைக் குளிப்பாட்டக் கூடாது. நான் மாருதி பக்தன்" என்றார் முதல் வார்த்தையாக.

அவர் மனைவி அக்காதாயி வாசலிலிருந்தே சிரித்தாள். "நாலு புள்ளை பெத்த மாருதி இவருதான் சிஸ்டர். நீங்க தண்ணியை ஊத்துங்க."

ஊற்றினேன். அதில் தகராறு இல்லை. தகராறு குளித்து முடித்துத் திண்டை எடுத்தபோது வந்தது.

இடுப்பில் கம்பி வைத்தவர்கள் எப்போதும் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தால் தொடை மடங்கியபடியே இறுகிப்போகும். அப்புறம் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை, அரை மணி நேரம் மல்லாந்து காலை நீட்டிப் படுக்க வேண்டும். அப்படிப் படுத்தபடியே குதிகாலை இழுத்து, நீட்டி, முழங்காலை அழுத்திப் பழக வேண்டும். இது ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே எழுதியிருந்தது. ஒரு மாதம் கழித்துக் காட்ட வேண்டும், அதற்குள் கால் நேராகவில்லை என்றால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் வாயாலும் சொல்லியிருந்தார்.

"எல்லாம் செய்யறேன். படுக்க மாட்டேன்" என்றார் தோண்டிராம்.

வலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். வலி மாத்திரை கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டேன். மாட்டேன் என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மகன் தினகரைத் தோளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். முதுகு பாதி இறங்கியதும் விழித்துக்கொண்டார். கண் திறக்கும் முன்பே கை வேலை செய்தது. மகன் மணிக்கட்டு அவர் பிடியில் முறுக்கிக்கொண்டிருந்தது, அவர் உடம்பு இடது பக்கமாகப் புரண்டிருந்தது. தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிற தினகர், சின்னப் பிள்ளை போல "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று கெஞ்சினான்.

கட்டு மாற்றிவிட்டு அக்காதாயியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அவள் பாக்கரி, அதாவது சோளமாவு ரொட்டி, தட்டிக்கொண்டே சொன்னாள். "அவரு மல்லாந்து படுக்கவே மாட்டாரு சிஸ்டர். பதினாலு வயசுலேருந்து அப்படித்தான். கல்யாண ராத்திரியில செவுரு பக்கம் திரும்பிப் படுத்தவரைப் பார்த்து, நம்மளைப் புடிக்கலை போலன்னு நான் அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சது, கோதாவுல முதுகு மண்ணுல பட்டாத் தோல்வியாம். யாரும் முதுகை மண்ணுல வைக்க விடமாட்டேன்னு மாருதி காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்காரு. அதனால தூங்கறப்பக்கூட முதுகைக் கீழே வைக்க மாட்டாரு."

"கடைசி வரைக்கும் யாரும் முதுகைத் தொட வைக்கலையா?"

"யாரும் வைக்கலை. ஜெயிச்சிருக்காரு, இல்லேன்னா சமம். முதுகுல மண்ணு ஒட்டாத பயில்வான்னு இந்தத் தாலுகா பூரா பேரு." கல்லில் பாக்கரியைத் திருப்பிப் போட்டாள். "தொழுவத்துல வழுக்கினப்பக்கூட நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பின்னாடிதான் சாஞ்சாரு. அப்படியே விழுந்திருந்தா முதுகு வலியோட போயிருக்கும். நடுவுல உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, பக்கவாட்டுல விழுந்தாரு பாருங்க. அங்கதான் இடுப்பு போச்சு. எருமை முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு நினைச்சாரோ என்னமோ."

அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தவரை பெரிய விஷயங்கள் என்று சொல்ல இரண்டு, மூன்றுதான். பதினாறு வருடம் திருவிழாக்களில் குஸ்தி போட்டார். கிடைத்தது தலைப்பாகையும் தேங்காயும், இரண்டு தடவை எருமைக்கன்று. முழங்கால் போனதும் நிறுத்திவிட்டுக் கரும்பு போட்டார். ஆனாலும் தினமும் விடியும் முன் தாலீமுக்குப் போவார். தாலீம் என்பது பயில்வான்கள் பழகும் கூடம். அங்கே செம்மண்ணைக் கொத்திக் கிளறி, மோரும் எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்துவிட்டு வருவார். ஊருக்குள் வந்த இரண்டு பெரிய வெள்ளத்திலும் ஊரார் அவர் முதுகில் ஏறித்தான் பள்ளிக்கூட மேட்டுக்குப் போனார்கள். நிறைமாதக்காரி ஒருத்தியைக் கட்டிலோடு தலையில் வைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்காதாயியைக் கேட்டால், "ஊரையே தூக்கினாரு, எங்க வீட்டுத் தண்ணிக்கொடத்தைத் தவிர" என்பாள்.

இப்போது அவருக்கு வேண்டியிருந்தது மலையைத் தூக்குவது அல்ல. முற்றத்தின் மூலையில் இருக்கும் கக்கூஸுக்குத் தானே நடந்து போக வேண்டும். கட்டிலிலிருந்து இருபத்திரண்டு அடி. அதை என்னிடம் சொல்லவும் செய்தார். "தினகர் என்னைத் தூக்கிட்டுப் போறப்ப கண்ணை மூடிக்கிறேன் சிஸ்டர். இன்னும் ஒரு மாசம் இப்படின்னா நான் சோத்தை நிறுத்திடுவேன். அப்பப் போக வேண்டிய அவசியமே வராது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வாரமே பாக்கரி மூன்றிலிருந்து ஒன்றாகியிருந்தது.

உட்கார்ந்தே இருந்ததில் பத்தாம் நாள் வாலெலும்புக்கு மேலே தோல் சிவந்தது. பதிமூன்றாம் நாள் அது பைசா அகலத்துக்குப் புண்ணாயிற்று. தொடையை நீட்டிப் பார்த்தேன், கதவுக் கீல் துருப்பிடித்தது போலப் பாதியில் நின்றது. இந்த மாதிரி இறுக்கம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அக்காதாயிக்கும் தெரிந்திருந்தது. அன்று மத்தியானம் தேநீரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குல்தாபாத்துல ஒரு மாருதி இருக்காரு, தெரியும்ல? அவரு மல்லாந்துதான் படுத்திருக்காரு. லட்சம் பேரு போய்க் கும்பிடுறாங்க. அவருக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கென்ன?"

"அவரு ராமர் பாட்டைக் கேட்டு மெய்மறந்து படுத்திருக்காரு. யாராவது தள்ளிவிட்டாங்களா?"

"உங்களையும் யாரும் தள்ளலையே. சாணம்தான் தள்ளுச்சு."

"போடி."

அவள் போகவில்லை. "மாருதிக்குத் தன் பலம் தனக்கே மறந்துபோற சாபம் இருந்துச்சாம். நாலு பேரு எடுத்துச் சொன்னாத்தான் ஞாபகம் வருமாம். நானும் நாலு நாளா சொல்லிட்டிருக்கேன், ஏறவே மாட்டேங்குது."

"அவரைக் கடலைத் தாண்டச் சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் என்னை என்ன தாண்டச் சொல்றீங்க? படுன்னு சொல்றீங்க."

அக்காதாயி தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கண்ணுக்கு மாருதி என்றால் விழாதவர். சுவரில் இருந்த படமும் அதைத்தான் சொன்னது. விழுகிற மாருதியை யாரும் படம் போடுவதில்லை.

வெளியே வந்ததும் அக்காதாயி சொன்னாள்: "நாம சொன்னா ஏறாது. இவரோட குஸ்தி போட்ட பாபாலால் முஜாவர் வரணும். இவரு அவரைப் பதினோரு தடவை சாய்ச்சிருக்காரு. அதனால அவரு சொன்னா மட்டும் கேப்பாரு."

தினகர் போன் போட்டான். சனிக்கிழமை காலை சிவப்புப் பஸ்ஸில் பாபாலால் வந்தார். இரண்டு ஊர் தள்ளி ஒரு தர்காவைப் பார்த்துக்கொள்கிற குடும்பம். ஒல்லி, குள்ளம், வெள்ளைத் தாடி. காது மட்டும் அதே பூரிக்காது. வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரில் இருந்த மாருதி படத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கோதாவில் பழகிய முஸ்லிம்கள் எல்லாரும் அப்படித்தான். மண்ணில் இறங்கும் முன் மாருதி காலைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். தொழுகை வேறு, தாலீம் வேறு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

"என்ன தோண்டிபா, எருமை கூடக் குஸ்தியாமே?"

"வா பாபா. உன்னைவிட எருமை தேவலை. என்னை வழுக்கிவிடவாவது தெரிஞ்சிருக்கு."

"ஜெயிச்சது யாரு?"

"சமம்."

பாபாலால் சிரித்து முடித்துக் கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மாவு மூட்டையைத் தட்டிப் பார்த்தார். மடங்கிக் கிடந்த காலைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் விரித்து, அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். கைகளைத் தலைக்கு அடியில் கொடுத்துக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"என்னடா பண்றே?"

"படுத்திருக்கேன். சிஞ்சலி திருவிழாவுல நீ என்னை இப்படித்தான் போட்டே. பத்தாயிரம் பேரு தலைப்பாகையை வீசினாங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சேன். மறுநாள் காலையில பாத்தா பசிக்குது. எழுந்து உக்காந்து நாலு பாக்கரி தின்னேன். அப்புறம் இன்னும் பத்துத் தடவை நீயே போட்டே. மத்தவங்க போட்டது தனி. நாப்பது தடவைக்கு மேல இருக்கும்."

"அதுல என்ன பெருமை உனக்கு?"

"பெருமை இல்லே. பழக்கம். கீழே கிடந்தா எந்தப் பக்கம் புரண்டு எழுந்திரிக்கணும்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ பாதிப் பாடம்தான் படிச்சிருக்கே தோண்டிபா. சாய்க்கக் கத்துக்கிட்டே, எழுந்திரிக்கக் கத்துக்கலை. அதான் ஒரு எருமைச் சாணம் உன்னை நாசம் பண்ணிருச்சு."

தோண்டிராமின் முகம் இறுகியது. நான் கட்டு மாற்றும் சாமான்களை எடுத்து வைப்பது போல அங்கேயே நின்றேன்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன், பாபா."

"தெரியும். நானும் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன். என்ன சத்தியம் பண்ணே? யாரும் என் முதுகை மண்ணுல வைக்க விடமாட்டேன்னு. யாரும்! நடுவரா நிக்கிற பஞ்ச் எப்ப சித்து, தோத்துட்டான்னு கையைத் தூக்குவாரு? எதிராளி மேல இருந்து அழுத்தணும், ரெண்டு தோளும் மண்ணைத் தொடணும். இங்க உன் மேல யாரு உக்காந்திருக்கா? இந்த சிஸ்டரா? நாப்பத்தஞ்சு கிலோ இருப்பாங்களா?"

"நாப்பத்தேழு" என்றேன்.

"நாப்பத்தேழு. இவங்க உன்னைச் சாய்ச்சா நானே பேப்பர்ல போடச் சொல்றேன்."

தோண்டிராம் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு விழலைடா. ஒரு தடவைகூட விழலை."

பாபாலால் எழுந்து உட்கார்ந்தார். சொன்னது போலவே, ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, சிரமமே இல்லாமல். "இலங்கையில என்ன ஆச்சு? தாலீம்ல பஜனையில பாடுவாங்களே, நான் மறந்தாலும் நீ மறப்பியா? ராவணன் மகன் பிரம்மாஸ்திரம் விட்டான். மாருதி என்ன பண்ணாரு?"

பதிலுக்குக் காத்திராமல் பாபாலாலே தொடர்ந்தார்.

"கட்டுப்பட்டுக் கிடந்தாரு. அந்தக் கட்டை அவரால அறுக்க முடியாதா? முடியும். இருந்தும் கிடந்தாரு. சின்னச் சின்ன அரக்கனெல்லாம் கயித்தைப் போட்டுத் தரையில இழுத்துட்டுப் போனான். அடிச்சான், திட்டினான். ஏன் விட்டாரு? ராவணன் முன்னாடி போய் நிக்கணும். ராமர் சொன்னதைச் சொல்லணும். அதுதான் வேலை. வேலைக்காகக் கட்டுப்பட்டவனை எவன் தோத்தவன்னு சொல்லுவான்? பலம்னா அடிக்கிறது மட்டும்னு நெனச்சா, அதுக்கு எருமையே போதுமே. எதுக்குக் கோயில்?"

"அது பிரம்மாவோட அஸ்திரம். அதுக்கு மரியாதை கொடுத்தாரு" என்றார் தோண்டிராம், கொஞ்சம் மெதுவாக.

"உன் இடுப்புல இருக்கறது டாக்டரோட கம்பி. அதுக்கு நீ மரியாதை கொடு."

அக்காதாயி வாசலில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்கு அவர் கால் மேல்தான் கண்.

நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஜெயிக்க வேண்டும் என்று மாருதியைக் கும்பிடுகிறவர்கள் நிறைய. பரீட்சைக்கு, வழக்குக்கு, தேர்தலுக்கு. ஆனால் அந்தச் சாமியின் கதையை உட்கார்ந்து கேட்டால் அவர் தனக்காக ஒரு தடவைகூட எதையும் ஜெயித்ததில்லை. சேதி கொண்டுபோனார், மோதிரம் கொண்டுபோனார், மூலிகை எதுவென்று தெரியாததால் மலையையே கொண்டுவந்தார். சுமப்பதுதான் அவர் வேலை. பலம் அதற்கு வேண்டிய சாமான். வெள்ளத்தில் ஊராரைத் தூக்கிய மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. தன் உடம்பும் சுமக்க வேண்டிய ஒன்றுதான் என்பது மட்டும் இன்னும் உறைக்கவில்லை.

தோண்டிராம் வாசல் பக்கம் கையைக் காட்டினார்: "எல்லாரும் வெளியே போங்க. சிஸ்டர் மட்டும் இருக்கட்டும், காலைப் பிடிக்க. தோளை யாரும் தொடக் கூடாது."

கதவு சாத்தப்பட்டது. நான் மாவு மூட்டையை எடுத்தேன். அவரே முதல் திண்டை உருவிக் கீழே போட்டார். வலது முழங்கையை ஊன்றினார். இரண்டாவது திண்டு. வியர்வை தாடையில் வழிந்தது. வலியால் மட்டும் அல்ல. அவர் உடம்பின் ஒவ்வொரு தசையும் எதிர்த்திசையில் இழுத்தது. அறுபத்திரண்டு வருடம் பழக்கிய உடம்பு, சொன்னதும் கேட்குமா? இரண்டு தடவை பாதி வழியில் தானாகவே இடது பக்கம் புரண்டுவிட்டது. இரண்டு தடவையும் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் முழங்காலுக்கு அடியில் கை கொடுத்ததோடு சரி. கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம். முதலில் இடது தோள் தொட்டது. பிறகு வலது தோள்.

மூச்சு வாங்கினார். கண்கள் திறந்தே இருந்தன. மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"சிஸ்டர், அந்த ரெண்டாவது சட்டத்துகிட்ட ஓடு உடைஞ்சிருக்கே. வானம் தெரியுது."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காதாயியின் குரல் வந்தது. "பன்னெண்டு வருஷமா ஒழுகுதுன்னு சொல்றேன். இன்னிக்குத்தான் துரை கண்ணுல பட்டுச்சா?"

அப்போதுதான் அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்ததில் தொடை வலித்தது, வலித்ததில் மறுபடி கெட்ட வார்த்தை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு குதிகாலை இழுக்கச் சொன்னேன். அன்று நாலு தடவை இழுத்தார். நாலும் அரைகுறை.

அதற்குப் பிறகு அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இந்த வேலையில் அதிசயம் கிடையாது. பயில்வானுக்குப் பயிற்சி என்றால் புரியும், எண்ணிக்கை சொன்னால் பிடித்துக்கொள்வார். இருபது இழுப்பு என்றால் முப்பது இழுப்பார். அதைக் கட்டுப்படுத்துவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. புண் பன்னிரண்டு நாளில் ஆறியது. பாக்கரி மறுபடி மூன்றாயிற்று. ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனபோது தொடை முழுதாக நேராகவில்லை, நாலு விரற்கடை பாக்கி இருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்றார்.  ஆட்டோவில் வீட்டுக்கு வந்ததும் தோண்டிராம், யாரும் சொல்லாமலே மல்லாந்து படுத்துக் குதிகாலை இழுக்க ஆரம்பித்தார்.

ராத்திரித் தூக்கத்தில் மட்டும் இன்னும் பக்கவாட்டில்தான் புரளுகிறார் என்று அக்காதாயி சொன்னாள். "தூங்கும்போது பதினாலு வயசாயிடுது போல" என்றாள். முழங்காலுக்கு நடுவில் தலையணை கொடுக்கச் சொல்லிவிட்டேன். அது போதும்.

ஐந்தாவது வாரம் நடைவண்டியைப் பிடித்து எழுந்து நின்றார். முதல் நாள் நின்றதோடு சரி. மறுநாள் மூன்று அடி. பாபாலால் சனிக்கிழமைதோறும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். "ஏய், பாட்டி மாதிரி நடக்காதே. நிமிரு" என்பார். "நிமிர்ந்தா உன் தலை தெரியாது, குள்ளா" என்பார் இவர். தினகரும் அந்த நாட்களில் சாவகாசமாக வேலைக்குப் போனான். அப்பாவைத் தூக்கிப் பழகிய கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், முற்றத்தில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமாகப் போட்டான்.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். நடைவண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில், தொடாமல், தொடக்கூடிய தூரத்தில். வலது கால் அரை அங்குலம் குட்டை, அதனால் ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒரு தரம் தாழ்ந்து எழுந்தது. முற்றத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அக்காதாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், அவர் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பது போல உள்ளே இழுத்துக்கொண்டாள். மீதி தூரத்தையும் நடந்து முடித்தார். கக்கூஸ் கதவைத் திறந்தார். உயரப் பீடமும் கைப்பிடியும் தினகர் போன மாதமே பொருத்தியிருந்தான்.

"கதவைச் சாத்துங்க, தாழ்ப்பாள் போடாதீங்க" என்றேன். "உள்ள வழுக்கினா நான் வரணும்."

"சரி" என்றார்.

கதவைச் சாத்தினார். அடுத்த நொடி உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதன் பின்னால், கொஞ்சம் சுருதி தப்பிய குரலில் ஒரு பஜனைப் பாட்டு.

நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் ஆகியிருக்கும், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் திறந்தது. அக்காதாயியிடம் போய்த் திங்கட்கிழமையிலிருந்து நான் வர வேண்டியதில்லை என்று சொன்னேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்க" என்றாள். "அவரே நடந்து வந்து உங்களுக்கு உக்காரப் பலகை போடட்டும்."